கூடுதலாக ஒரு காவடி

என் அம்மா என்னைக் கேட்காமலே எனக்காக ஒரு நேர்த்தி வைத்தார். எண்பதுகளின் கடைசியில் ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது, பிள்ளை உயிரோடு ஒரு நாட்டில் கால் வைத்தால் அவனைக்கொண்டு காவடி எடுப்பிக்கிறேன் என்று ஊர் முருகனிடம் சொல்லிவிட்டார். வாக்குக் கொடுப்பது ஒருவர், தோள் கொடுப்பது இன்னொருவர். எங்கள் ஆட்களின் பக்தி பெரும்பாலும் இப்படித்தான்.

நான் நோர்வேயில் கால் வைத்தேன். முருகன் தன் பங்கைச் செய்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். யுத்தத்தால் ஊருக்குப் போகப் பாதை இல்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்று நானும் காலத்தைக் கடத்திக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஊரே இடம்பெயர்ந்தபோது அம்மாவும் என் தம்பியும் வன்னிக்குப் போனார்கள். அங்கே தம்பி செத்தான். குண்டு பட்டுச் செத்திருந்தால்கூட ஆர்மியைத் திட்டிவிட்டு ஆறியிருப்பேன். அவன் செத்தது காய்ச்சலில். மருந்தில்லாத ஓர் ஆஸ்பத்திரியின் விறாந்தையில், பாயில் கிடந்து, ஒரு கிழமையில் முடிந்துபோனான். இருபத்திரண்டு வயது. அன்றோடு நான் முருகனைக் கைகழுவினேன்.

ஒஸ்லோவில் எங்கள் முருகன் குடியிருந்தது பழைய லொறி கராஜ் ஒன்றில். ரொம்சோஸில் எங்கள் மாடிவீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். எண்ணெய்க் கறை போகாத சீமெந்துத் தரையில் கம்பளம் விரித்து, தகரக் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் மாவிலை கட்டி, அதைக் கோயில் என்று சொன்னார்கள். வாசலில் பனிச் சப்பாத்துகள் மலையாய்க் குவிந்திருக்கும். உள்ளே ஈரக் காலுறை நாற்றத்தை வெல்லப் பார்த்து சாம்பிராணி தோற்றுக்கொண்டிருக்கும். சுவாமிக்குக் கற்பூரம் காட்டும் நேரத்தைவிட உபயகாரர்களின் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கும் நேரம் கூட. நிர்வாகசபையில் இரண்டு பிரிவு. ஒரு பிரிவு பொங்கினால் மற்றப் பிரிவு புக்கையில் கை வைக்காது. குளிர்ச் சட்டைக்குள் பட்டுச்சேலையைத் திணித்துக்கொண்டு வரும் பெண்கள், வாசலைத் தாண்டியதும் சட்டையைக் கழற்றுவார்கள். சங்கிலி தெரிய வேண்டுமே.

என் மனைவி வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே போவாள். நான் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை காருக்குள் இருந்து ரேடியோ கேட்பேன். ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவர் ஒவ்வொருவரையும் மனதுக்குள் நக்கலடிப்பேன். உண்மையைச் சொன்னால் வாரத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த நேரம்தான்.

அப்போது சமாதான காலம். எங்களுக்குச் சமாதானம் செய்துவைக்கிறோம் என்று நோர்வேக்காரர் புறப்பட்டுப் போயிருந்தார்கள். பேக்கரியில் என்னோடு வேலை செய்த நோர்வேக்காரன், எங்கள் ஆட்கள் உங்கள் பிரச்சினையைத் தீர்த்துவிடுவார்கள் என்று சொல்லி மாவுக் கையோடு என் முதுகில் தட்டுவான். பாதை திறந்ததும் இங்கிருந்தவர்கள் குடும்பம் குடும்பமாக ஊருக்குப் பறந்தார்கள். பெட்டி நிறையச் சொக்லேட், கழுத்தில் கமரா. நான் போகவில்லை. தம்பி இல்லாத வீட்டில் போய் எதைப் பார்ப்பது?

அம்மா மட்டும் வன்னியிலிருந்து ஊருக்குத் திரும்பி, பழைய வீட்டில் தூரத்து உறவுக்காரப் பெண் ஒருத்தியோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் டெலிபோன் கார்ட்டைச் சுரண்டி அம்மாவுக்கு எடுப்பேன். சுகம் விசாரித்து முடிந்ததும் அம்மா தொடங்குவார்.

“மோனே, அந்த நேர்த்தி கிடக்குது.”

முதலில் கேட்டது பெரிய விலை. ஊருக்கு வந்து, முதுகில் செடில் குத்தி, அந்தக் கொளுக்கிகளை ஒருவர் பின்னால் இழுத்துப் பிடிக்க ஆட வேண்டும். நான் மசியவில்லை. அடுத்த வருடம், ஊருக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, அங்கே இருப்பதும் அதே முருகன்தானே, ஒஸ்லோவில் தூக்கு என்றார். அதற்கடுத்த வருடம் செடில் வேண்டாமாம், வெறும் காவடி போதுமாம். பிறகு ஆடவும் தேவையில்லை, தோளில் வைத்து ஒரு சுற்று நடந்தால் சரி என்று வந்து நின்றது. பண்டிகை முடிந்தபின் இங்கே ஸ்ட்ரோம்மன் அங்காடிக் கடைகளில் விலைத்துண்டின் மேல் விலைத்துண்டு ஒட்டுவார்களே, அப்படிக் கடவுள் இறங்கி இறங்கி வந்தார். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் இலவசமாகவே விட்டுவிடுவார் என்று நான் மனைவிக்குச் சொல்வேன். அவள் சிரிக்க மாட்டாள்.

ஒருமுறை எனக்குப் பொறுமை போய்விட்டது.

“சின்னவனைச் சாகவிட்டவருக்கோ நான் காவடி தூக்கிறது?” என்று டெலிபோனில் கத்தினேன்.

“அது வேறை, இது வேறை மோனே,” என்றார் அம்மா.

எனக்குக் கேவலமாக இருந்தது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர், பறித்தவருக்கே தரகு வேலை பார்க்கிறாரே என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவர் தோய்ந்து உடுத்து, பூத்தட்டோடு கோயிலுக்குப் போவதை என் மனக்கண்ணில் கண்டேன். கடவுளுக்கு இப்படியான ஆட்கள் இருக்கும்வரை ஒரு கவலையும் இல்லை என்று நினைத்து ரிசீவரை வைத்தேன்.

பிறகு ஒரு வைகாசி மாதம் அம்மாவின் குரல் மாறியிருந்தது. ஒரு வசனம் சொல்வதற்குள் இரண்டு தரம் மூச்சு வாங்கினார். இருதயம் பெருத்திருக்கிறதாம், டொக்டர் மாடிப்படி ஏறக்கூடாது என்றாராம். எங்கள் வீட்டில் ஏது மாடி என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார்.

“என்ரை வாயாலை குடுத்த வாக்கு,” என்றார். “அதை வைச்சுக்கொண்டு நான் போகேலாது. இந்த முறை தூக்கிப்போடு ராசா. ஒரு சுத்து.”

இதற்கு இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஓம் என்று சொல்லவும் மனமில்லை. கடைசியில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன், அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. எங்கள் கோயிலில் காவடி எடுப்பவர்கள் கொடியேற முதலே பெயர் கொடுக்க வேண்டும். கொடியேறிய நாளிலிருந்து விரதம் இருக்க வேண்டும், மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடக்கூடாது. நான் பெயரும் கொடுக்காமல், விரதமும் இல்லாமல், திருவிழா அன்று பிந்திப் போய் நிற்பேன். நிர்வாகம் துரத்தும். போனேன் அம்மா, விடமாட்டோம் என்றுவிட்டார்கள் என்று சொல்லலாம். பொய்யும் இல்லை, அம்மா மனமும் ஆறும், முருகனுக்கு முன்னால் என் தோளும் வளையாது. சட்டம் பேசுவதில் எங்கள் நிர்வாகசபையை மிஞ்ச ஆளில்லை என்பதால், அவர்களை முதன்முறையாக நம்பினேன்.

அன்று காலையிலிருந்தே மழை. ஆடி மாதத்தில் ஒஸ்லோ இப்படித்தான், ஒரு நாள் வெயில் காட்டி நாலு நாள் வஞ்சிக்கும். நான் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். வழியில் பெற்றோல் நிலையத்தில் காரை நிறுத்தி, இங்கே பொல்சே என்று சொல்லும் சொசேஜ் ஒன்றை வாங்கி, கடுகுக் களி போட்டு, மனைவிக்குப் பக்கத்தில் இருந்தே சாப்பிட்டேன். பெயர் கொடுக்காததை மன்னித்தாலும் இதை மன்னிக்க ஆளிருக்காது என்பது என் கணக்கு.

“என்ன வேலை பாக்கிறியள் நீங்கள்?” என்றாள் அவள்.

“பசிக்குது.”

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காவடி கட்டுவது கராஜின் பின்பக்கத்தில். முன்பு டயர் அடுக்கிய இடமாம். அங்கே இருந்தவர் கிழமை நாட்களில் டாக்சி ஓட்டுபவர், அறுபதைத் தொடும் வயது, ஊர்வம்பு அத்தனையும் அவரிடம் கேட்டு அறியலாம். விபூதியும் சந்தனமும் அமர்க்களமாக இருந்தன. மேலுதட்டுக்குள் மட்டும் ஸ்னூஸ் பொட்டலம் ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. முருகன் சந்நிதியில் புகையிலை. நல்ல பக்தர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

“அண்ணை, காவடி எடுக்க வந்தனான்,” என்றேன். “பேர் குடுக்கேல்லை. இனிப் பிந்திப்போச்சு, என்ன?”

மறுப்பை அவர் வாயில் நானே ஊட்டிவிட்டுக் காத்திருந்தேன். அவர் மயிலிறகுக் கட்டைப் பல்லால் கடித்து நூலை இறுக்கினார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அந்தச் சுவரோடை சாத்திக் கிடக்கிறதை எடும்.”

சுவரோடு ஒரு காவடி நின்றது. சிவப்புப் பட்டுச் சுற்றி, இரண்டு பக்கமும் மயிலிறகு செருகி, எல்லாம் கட்டி முடித்த காவடி.

“அது ஆற்றை?”

“ஒருத்தற்றையும் இல்லை. வருசா வருசம் ஒண்டு கூடக் கட்டிறனான். சொல்லாமல் கொள்ளாமல் கடைசி நேரத்திலை ஆரும் ஒருத்தர் வருவினம்.”

“வராட்டில்?”

“வராட்டில் சாமிக்கு முன்னாலை வைச்சிட்டு அவிழ்க்கிறது. போன முறையும் அவிட்டனான், அதுக்கு முந்தின முறையும் அவிட்டனான்.” நூலை அறுத்தார். “வந்து நிண்டாப் பிறகு கட்டேலாது தம்பி. இது என்ன, டாக்சியோ, கூப்பிட்ட உடனை வாறதுக்கு.”

எனக்கு எரிச்சல் வந்தது. வேட்டி கொண்டுவரவில்லை என்றேன். கடைப் பை ஒன்றுக்குள்ளிருந்து துவைத்து மடித்த வேட்டி ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார். அதுவும் கூடுதலாக ஒன்றாம். ஆக, என் துருப்புச்சீட்டை இறக்கினேன்.

“நான் காலமை மச்சம் சாப்பிட்டனான்.”

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். ஸ்னூஸை நாக்கால் ஒருமுறை புரட்டினார். “இரும், ஐயரைக் கேட்டுக்கொண்டு வாறன்,” என்று எழும்பிப் போனார். எனக்கு மூச்சு வந்தது.

ஐயர் இளம் ஆள், மூக்குக்கண்ணாடி, எப்போதும் பஸ் பிடிக்கப் போகிறவர் மாதிரி அவசரம். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார்.

“என்ன சாப்பிட்டனீர்?”

“பொல்சே.”

“முழுசாவோ?”

“ஓம், முழுசா.”

“ஆற்றை நேர்த்தி?”

“அம்மான்ரை. அவ ஊரிலை. இருதயம் சரியில்லை.”

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நியாயப்படி பிழை,” என்றார். எனக்குள் வெற்றிக்கொடி ஏறியது. ஆனால் அவர் முடிக்கவில்லை. “சாப்பிட்டிட்டுச் சொல்லாமல் தூக்கிறவையும் இருக்கினம். நீர் சொல்லுறீர். உள்ளை பழைய வேலையாக்கள் குளிச்ச அறை இருக்குது. தலையோடை முழுகிப்போட்டு வாரும். பிழையை நான் அவரிட்டைச் சொல்லிக்கொள்ளுறன்.”

“இது ஆசாரம் இல்லை ஐயா,” என்றேன். “ஊரிலை இப்பிடி விடமாட்டினம். பேர் குடுக்கேல்லை, விரதமில்லை, மச்சம் வேறை.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் எனக்கே கேட்டது. எட்டு வருடமாகக் கோயில் வாசலை மிதிக்காத நான், பூசை செய்கிறவருக்கு ஆசாரம் படிப்பிக்கிறேன். பக்கத்தில் நின்ற டாக்சிக்காரர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

“ஓம், விடமாட்டினம்,” என்றார் ஐயர். “கெதியா வாரும், மழை கூடப்போகுது.”

அந்தக் குளியலறையில் சுடுதண்ணி இல்லை. சமையல்காரர்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். ஐஸ் தண்ணியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு, இவ்வளவு தரங்கெட்ட ஒரு சமயத்தை நான் கண்டதில்லை என்று நினைத்தேன். துரத்துவதற்குக்கூட வக்கில்லை. ஒரு சொசேஜுக்காகக்கூட ஒருவனை வேண்டாம் என்று சொல்லத் தெரியாத கடவுள். இப்படி வாசலை அகலத் திறந்துவைத்தால் யார்தான் மதிப்பார்கள்? ஓடிவிடலாம் என்றும் நினைத்தேன். ஆனால் ஜீன்ஸை டாக்சிக்காரர் எங்கோ எடுத்து வைத்துவிட்டார்.

காவடியைத் தோளில் ஏற்றினார்கள். தவில் எழும்பியது. தேருக்குப் பின்னால், இன்னும் பத்துப் பன்னிரண்டு காவடிகளோடு நானும் நடந்தேன். முன்னால் பொலிஸ் கார் ஒன்று நீல வெளிச்சம் போட்டுக்கொண்டு ஊர்ந்தது. வெறும் மேல், வெறுங்கால், தார் ரோட்டில் மழைத்தண்ணி. எதிர்க் கட்டடத்துப் பல்கனியில் கோப்பிக் கோப்பையோடு ஒரு நோர்வேக் கிழவர் நின்று எங்களுக்குக் கை காட்டினார். எனக்கு முன்னால் ஒருவர் கண் சொருகி ஆடினார். அவர் சனிக்கிழமைகளில் எப்படி ஆடுவார் என்பதும் எனக்குத் தெரியும். எனக்கு உருவும் வரவில்லை, அருளும் வரவில்லை. வந்ததெல்லாம் நடுக்கம்.

முதலாவது மூலை திரும்பியபோது ஏசத் தொடங்கினேன். வாய்க்குள்தான். தவில் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது? உனக்கு இந்தத் தோள்தான் வேண்டியிருந்ததோ என்று தொடங்கினேன். அவனுக்கு ஒரு குளிசை கொடுக்க உன்னால் முடியவில்லை, எனக்குக் காவடி கட்டி வைத்திருக்கிறாயோ? அம்மா அந்த விறாந்தையில் உன்னைக் கூப்பிட்டபோது எங்கே போனாய்? ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கற்ற தூஷணங்களும் வந்தன. அவற்றை இங்கே எழுத முடியாது. சுவாமி வீதியில் சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன். இரண்டாவது மூலையில் அழுகை வந்தது. ஏச்சு நிற்கவில்லை. கண்ணைத் துடைக்கக் கையில்லை, இரண்டு கையும் காவடியைப் பிடித்திருந்தன. மனைவி பக்கத்தில் வந்துகொண்டிருந்தாள். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்திருந்தாள், அவளும் நனைந்தாள். என்னைப் பார்க்கவில்லை, ஆனால் விலகிப் போகவும் இல்லை.

சுற்று முடிந்து கராஜ் வாசலில் காவடியை இறக்கும்போதுதான் ஒன்று விளங்கியது. தம்பி செத்த பிறகு நான் முருகனோடு கதைத்தது அன்றுதான். காருக்குள் இருந்து ஆட்களைப் பற்றித்தான் நக்கலடித்தேன், அவரோடு ஒரு சொல்லும் பேசவில்லை. அவரோ, நான் ஏசுவதற்காகவாவது வருவேன் என்று வருடா வருடம் ஒன்றைக் கட்டுவித்து, அவிழ்த்து, திரும்பக் கட்டுவித்திருக்கிறார். அதற்கு ஒரு ஸ்னூஸ்காரரை வைத்திருந்தார் என்பது எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் காவடி அங்கே நின்றது. அதை இல்லையென்று சொல்ல எனக்கு வழியில்லை.

மனைவி சாப்பாட்டு வரிசைக்குப் போனாள். நான் ஈர வேட்டியோடு காருக்குள் இருந்து அம்மாவுக்கு எடுத்தேன். அங்கே விளக்கு வைக்கும் நேரம். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

“தூக்கிப்போட்டன் அம்மா.”

மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

“முழுச் சுத்தும் நடந்தனியோ?”

“ஓம்.”

“என்ன கேட்டனி அவரிட்டை?”

“ஒண்டும் கேக்கேல்லை. வழி முழுக்க ஏசினன்.”

கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை.

“சின்னவனைச் சொல்லியோ?”

“ஓம்.”

அம்மா அழுகிறாரோ என்று பார்த்தேன். அழவில்லை. குரல் தாழ்ந்துதான் வந்தது.

“நான் இன்னும் ஏசேல்லை மோனே. அவன் போனாப் பிறகு நான் கோயில் பக்கமே போகேல்லை. தேர் ரோட்டாலை வந்தாலும் படலையைச் சாத்திப்போட்டு உள்ளை இருந்திடுவன்.”

வெள்ளிக்கிழமைகளில் பூத்தட்டோடு நடக்கும் அம்மா என் கண்ணிலிருந்து மறைந்தார். அப்படியொருவர் இருக்கவே இல்லை. அவரை நான்தான் உண்டாக்கி, நானே இத்தனை வருடம் இகழ்ந்திருக்கிறேன்.

“அப்ப என்னை மட்டும் ஏன் அம்மா இவ்வளவு காலமும் போகச் சொன்னனீங்கள்?”

“உன்ரை நேர்த்தி ஒண்டுதான் எனக்கும் அவருக்கும் நடுவிலை மிச்சம் கிடந்தது,” என்றார். “அதையும் விட்டால் எல்லாம் அறுந்துபோயிடும் எண்டு பயந்தனான். நீ போனால், பிறகு நானும் போகலாம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. டொக்டரிடம் நோயைப் பற்றிக் கேட்பதுபோல, தயங்கித் தயங்கி, அம்மா என்னிடம் கேட்டார்.

“நாளைக்குப் போகலாமோ எண்டு யோசிக்கிறன். இத்தினை வருசம் கழிச்சுப் போய் நிண்டால் அவருக்கு என்னைத் தெரியுமோ மோனே?”

“தெரியும் அம்மா,” என்றேன். “அவர் இருக்கிறார். போங்கோ. போய் நல்லா ஏசுங்கோ.”